மனையகத்துக் காற்று
(மந்தைவெளியில் நடந்த நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது மாதக் கூட்டங்களில் கல்வியைப்பற்றியும், திருமணச் செலவைக் குறைத்தலைப்பற்றியும், மாணவர் உதவி நிதியைப்பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் எளியது. ஆயினும் அவற்றுள் எதற்கும் பிற்பட்டதன்று. அது நம் வீட்டினுள் நாம் உயிர்க்கும் காற்று. உணவின்றிச் சில வாரமும் நீரின்றிச் சில நாளும் உயிர் தரித்தல் கூடும். காற்றின்றிச் சில நிமிடமும் தரித்தல் கூடாது. அங்ஙனமிருந்தும், அரிசியைக் கல் நீக்கி உலையிலிட்டு, நீரைக் காய்ச்சி வடித்துப் பருகும் நாம், காற்றை மட்டும் வந்தவாறே ஏற்றுக்கொள்ளுகின்றோம். தெருக்காற்றுக் கெட்டதென்று கதவை அடைக்கின்றோம். அடைத்த கதவுக்குள் இருக்கும் காற்று எத்தகையதென்று ஆராய்வதில்லை.

நம் முன்னோர் இதனை எண்ணாதிருந்தாரல்லர். சாளரத்திற்குக் 'காலதர்' என்பது ஒரு பழம்பெயர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வெளிச்சத்துக்கும் வேடிக்கைக்கும் உரிய வாயிலென்னாது, காற்று நடக்கும் வழியென்றே அதற்குப் பெயரிட்டனர். தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனத் திசைதோறும் காற்றுக்கு வேறு பெயர் வழங்கினர். சிலப்பதிகாரத்திலே, கோவலனும் கண்ணகியும் இருந்த மாடத்துக்குத் தென்றல் சாளரத்தின் சிறு கண்ணூடே நுழைந்து வந்ததென்று இளங்கோவடிகள் கூறுவார். நெடுநல்வாடையிலோ, கூதிர்க்காலம் வந்தமையால் அத்தகைய சாளரங்களின் கதவுகள் அடைபட்டுக் கிடந்தமை சொல்லப்படுகின்றது. வேண்டுங் காலத்துத் திறத்தலும் வேண்டாத காலத்து அடைத்தலும் ஆகிய இவ்விரண்டினையும் அறிந்தே அவர்கள் மனையமைத்தனர்.

நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரையே நோக்குமின். மந்தை என்பது ஆடுமாடுகளின் கூட்டம்; வெளி என்பது திறந்த நிலம். இன்று மந்தைவெளியில் மந்தையுமில்லை; வெளியுமில்லை. முற்றமும் தாழ்வாரமும் உடைய வீடுகள் இருந்த மனைகளில் நான்கடுக்குக் கட்டடங்கள் எழுந்தன. ஒரு வீட்டின் சாளரம் அடுத்த வீட்டின் சுவரை நோக்குகின்றது. மெட்ரோ ரயிலின் இரண்டாங் கட்டப் பணியால் மண் கிளறப்பட்டுச் சில ஆண்டுகளாய்த் தூசி மிகுந்திருக்கின்றது. கொசுவுக்கு அஞ்சி மாலை ஐந்து மணிக்கே சாளரங்களைச் சாத்துகின்றோம். சாத்திய பின் உள்ளே தாளிக்கின்றோம், சாம்பிராணி போடுகின்றோம், கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துகின்றோம், குளிர்சாதனத்தையும் இயக்கி உறங்குகின்றோம். வெளியென்னும் பெயர் ஊருக்கு நிற்க, வெளிக்காற்று நம் மனையை விட்டு நீங்கியது.

நிற்க. இப்பொருளை யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றுண்டு. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டைத் தமிழ் கற்றார் யாவரும் அறிவர். கூடலூர் கிழார் பாடியது. புதிதாய் இல்லறம் ஏற்ற பெண்ணொருத்தி, தயிரைத் தன் கையாற் பிசைந்து, தாளிப்பின் புகை கண்களில் நிறையத் தானே சமைத்த குழம்பைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் மெல்ல மலர்ந்ததென்பது அதன் பொருள். இப்பாட்டை யாம் வகுப்பறையில் இருபதாண்டாகக் கற்பித்து வருகின்றோம். அன்பின் நுட்பத்தை விரித்துரைப்போம்; மலர்ந்த முகத்தின் அழகைச் சொல்வோம். கண்ணில் நிறைந்த அப்புகை என்னவாயிற்று, எங்கே சென்றது என்று ஒரு நாளும் நின்று கேட்டோமில்லை. கேட்க வைத்தவர் எம் அன்னையார்.

அவர் ஊரில் இருந்த காலத்துச் சவுக்கு விறகும் வரட்டியும் எரித்துச் சமைத்தார். எமக்குப் பதினொரு வயதில் குடும்பம் இவ்விடத்துக்கு வந்தது. ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அறை, அவ்வறையின் மூலையே அடுக்களை, மண்ணெண்ணெய் ஸ்டவ். ஏழாண்டு கழித்தே எரிவாயு வந்தது. அறுபது வயதுக்குமேல் அவருக்கு மாடிப்படி ஏறுங்கால் மூச்சு வாங்கியது. பின்னர்க் கூடத்திலிருந்து அடுக்களைக்கு நடக்குங்காலும் வாங்கியது. பரிசோதித்த டாக்டர், "இவர் புகை பிடிப்பதுண்டா?" என்று வினவினார். யாம் சினந்து, "எங்கள் வீட்டில் எவருக்கும் அப்பழக்கமில்லை" என்றோம். அவர் அமைதியாக, "விறகடுப்பில் எத்தனை ஆண்டு சமைத்தார்?" என்று அடுத்து வினவினார். நாட்பட்ட மூச்சடைப்பு நோய் என்பது அவர் கண்ட முடிபு. சிகரெட்டைத் தொட்டறியாத பெண்டிர்க்கும் அடுப்புப் புகையால் அந்நோய் வருமென்பதை அன்றுதான் அறிந்தோம்.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. அதனைச் சொல்லாது விடின் இச்சொற்பொழிவு பொய்யாகும். நோய் அறிந்த பின்னரும், அன்னையாரைக் கொசு கடிக்கலாகாதென்று நாள்தோறும் இரவில் அவர் கட்டிலின் கீழே சுருளைக் கொளுத்தி வைத்து, சாளரத்தைச் சாத்திவிட்டு வந்தவர் யாமே. வெள்ளிக்கிழமை தோறும் அவ்வறையிற் சாம்பிராணி காட்டியவரும் யாமே. அன்பினாற் செய்தோம், அறியாமையாற் செய்தோம். அவர் இன்று இல்லை. சுருளால் அவர் மாய்ந்தார் என்று கூறுதல் நேர்மையாகாது. அவர் மூச்சு அரிதாயிருந்த நாட்களில் அதனை இன்னும் அரிதாக்கினோம் என்பது மட்டும் உண்மை. அவ்வறியாமை இச்சபையில் வேறொருவர் வீட்டில் நிகழாதிருத்தல் வேண்டுமென்பதே எம் வேண்டுகோள்.

இனி, இத்துறையில் அறிஞர் கண்டவற்றைச் சிறிது நோக்குவோம்.

ஐரோப்பாவில் 1858-ஆம் ஆண்டிலேயே மாக்ஸ் வான் பெட்டன்கோபர் என்னும் ஜெர்மானிய அறிஞர், மாந்தர் வெளிவிடும் கரியமில வாயு ஓர் அறையில் பத்து லட்சத்துக்கு ஆயிரம் பங்கினை மிஞ்சுமாயின் அவ்வறையின் காற்றோட்டம் போதாதென்று ஓர் அளவு வகுத்தார். இன்று வெளிக்காற்றில் அவ்வாயு ஏறக்குறைய 420 பங்கு உளது. சாத்திய படுக்கையறையில் நால்வர் உறங்கினால் சில மணி நேரத்தில் ஆயிரத்தை எளிதிற் கடந்துவிடும். காலையில் எழும்போது தலை கனத்திருப்பதாகச் சொல்லும் பிள்ளைகளின் பெற்றோர் இதனையும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று. செவிலித் தொழிலுக்கு இலக்கணம் வகுத்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும், நோயாளி உயிர்க்கும் காற்று வெளிக்காற்றைப் போலத் தூயதாயிருத்தலே செவிலியின் முதற் கடமையென்று எழுதினார்.

நம் சென்னைக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் டேவிட் சௌரி முத்து அவர்கள் தாம்பரத்தில் காசநோயாளர்க்கென ஓர் ஆரோக்கிய நிலையத்தை நிறுவினார். திறந்த காற்றும் ஓய்வும் நல்லுணவுமே அக்காலத்துக் காசநோய்க்கு மருந்து. பின்னர் மருந்துகள் தோன்றின. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையத்தார், மருந்தை ஒழுங்காக உண்டால் வீட்டிலிருந்தும் ஆரோக்கிய நிலையத்திற்கு நிகராகக் குணமடையலாமென்று காட்டினர்; அவ்வாய்வு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கை மாற்றியது. இதனால் அறிதற்பாலது யாது? நல்ல காற்று மருந்துக்கு ஈடாகாது. ஆயினும் காசநோய்க் கிருமி காற்றின் வழியே பரவுவது. அடைத்த அறையில் தேங்கி, திறந்த அறையிற் கலைந்து போவது. 2020-இல் வந்த கொரோனாப் பெருந்தொற்றும் அப்பாடத்தையே மறுபடி புகட்டியது. மருந்தும் வேண்டும்; காற்றோட்டமும் வேண்டும்.

அடுப்புப் புகையைப்பற்றி நம் நாட்டிலேயே நன்கு ஆராய்ந்திருக்கின்றனர். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடன் உழைத்தோரும் தமிழ்நாட்டுச் சிற்றூர் வீடுகளில் புகையை அளந்து 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபுகள் நாம் ஒவ்வொருவரும் அறிதற்குரியன. விறகு முதலியன எரித்துச் சமைக்குங்கால், மூச்சுறுப்பின் ஆழத்துட் புகவல்ல நுண்டுகள் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தன. ஒரு நாள் முழுவதுக்குமான சராசரி, சமைக்கும் பெண்டிர்க்கு 231; அதே வகை வீடுகளில் சமைக்காதார்க்கு 90; எரிவாயு முதலிய தூய எரிபொருள் வழங்கும் வீட்டார்க்கு 82. ஒரே கூரையின் கீழ், ஒரே சோற்றை உண்போருள், சமைத்தவர் சமைக்காதாரினும் இரண்டரை மடங்கு புகையை உட்கொண்டார். குடும்பத்தின் பளு எவர்மேல் ஏறுகின்றதென்பதைத் தராசில் நிறுத்துக் காட்டியது போலும் இக்கணக்கு.

நுண்டுகள் என்பன யாவை? இரண்டரை மைக்ரான் அளவினும் சிறியவற்றையே இன்று பெரிதும் கணக்கிடுகின்றனர். நம் தலைமயிரின் பருமனில் முப்பதில் ஒரு கூறளவினது அது. மூக்கு மயிரும் சளியும் பெருந்தூசியைத் தடுத்துவிடும், இவற்றைத் தடுக்கமாட்டா. இவை நுரையீரலின் காற்றறைகள் வரை சென்று தங்கும். மிகச் சிறியன குருதியிலும் கலக்கும். மூச்சு நோயேயன்றி, மாரடைப்பும் பக்கவாதமும் இவற்றால் மிகும். உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த நெறிப்படி ஒரு நாட் சராசரி 15 மைக்ரோகிராமைக் கடத்தலாகாது. நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு நியமம் 60 வரை இடந்தருகின்றது. வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகில் 32 லட்சம் பேர் மாண்டனர் என்பதும், அவருள் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழவிகள் என்பதும் அந்நிறுவனத்தின் மதிப்பு.

ஈண்டு ஒன்றை மறையாது கூறல் வேண்டும். தமிழ்நாடு, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கிடங்களில் 3,200 கருவுற்ற மகளிரைக் கொண்டு ஒரு பேராய்வு நடந்தது. ஒரு பாதியார்க்கு எரிவாயு அடுப்பும் எரிபொருளும் இலவசமாய் அளித்தனர். மறுபாதியார் முன்போல் விறகில் சமைத்தனர். எரிவாயு பெற்றோர் உட்கொண்ட நுண்டுகள் ஏறக்குறைய 70-லிருந்து 24 மைக்ரோகிராம் அளவுக்குத் தாழ்ந்தன. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் 20 கிராம் அளவே வேற்றுமை காணப்பட்டது. அது உறுதியான வேற்றுமையன்றென்று 2022-இல் வெளியிட்டனர். குழந்தைகளின் நிமோனியாவும் குறைந்திலது என்று 2024-இல் வெளியிட்டனர். இதனைக் கண்டு, 'ஆயின் புகையால் தீங்கில்லை' என்று கூறுதல் பிழை. பல்லாண்டு புகையுண்டு கெட்ட நுரையீரலுக்கும் நெஞ்சுக்கும் வேறு சான்றுகள் பல உள. கருவுற்ற பின் சில மாதம் மட்டும் புகை நீங்குவது போதாது போலும். தாயின் உணவும், தெருக்காற்றும், பிறவும் உடன் நிற்கும் காரணங்கள். ஒன்றைச் செய்தால் உடனே எல்லாம் நலமாகுமென்று எவரேனும் பொருள் விற்க வரின், அவரை ஐயுறுக என்பதே இவ்வாய்வு நமக்குத் தரும் அறிவுரை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம்மிற் பெரும்பாலார் எரிவாயுவிற் சமைக்கின்றோம். ஆதலின் இடர் நீங்கியதென்று கருதற்க. எரிவாயு கரிப்புகையைப் பெரிதும் நீக்கினும், நைட்ரஜன் டையாக்சைடு என்னும் வாயுவை விடும். மிளகாய் வறுத்தலும் அப்பளம் பொரித்தலும் எரிபொருள் எதுவாயினும் புகையெழுப்பும். அடுக்களையில் மேற்புறத்தே ஒரு புகைபோக்கி விசிறி இன்றியமையாதது. அதனை அடுப்பை மூட்டுமுன் இயக்கி, அணைத்த பின்னும் கால்மணி நேரம் சுழல விடுதல் வேண்டும். விசிறி காற்றை வெளியே தள்ளுமிடத்து, உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும். ஆதலின் எதிர்ப்புறச் சாளரம் சிறிதேனும் திறந்திருத்தல் வேண்டும். ஊரில் உள்ள நம் உறவினரோ, எரிவாயு உருளை பெற்ற பின்னும் வெந்நீருக்கும் நெல் அவித்தற்கும் விறகடுப்பை விடுவதில்லை. அவ்வடுப்பைத் தாழ்வாரத்தை விட்டுத் திறந்த கொல்லைக்கு மாற்றுமாறு அவர்க்கு எழுதுவோமாக.

இரண்டாவது, கொசுவர்த்திச் சுருள். சீனத்திலும் மலேசியாவிலும் விற்ற சுருள்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட அறிஞர், ஒரு சுருள் எரிந்து முடியுங்கால் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடும் அளவு நுண்டுகளை விடுமென்று கணித்தனர். வீட்டில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் விரட்டும் நாம், நூறு சிகரெட்டைக் குழந்தையின் தொட்டிலின்கீழ் வைக்கின்றோம். பக்கிங்காம் கால்வாயும் அடையாற்றுக் கழிமுகமும் அணித்தே இருக்க, கொசுவைப் பொறுத்துக்கொள்ளுமின் என்று கூற யாம் துணியோம். சாளரங்களுக்கு வலையடித்தலும், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுதலும், மேல்நிலைத் தொட்டியையும் நிலத்தொட்டியையும் இறுக மூடுதலும், பூந்தொட்டித் தட்டில் நீர் தேங்காது பார்த்தலுமே தக்க வழி. வலையிட்ட சாளரத்தை மாலையிற் சாத்த வேண்டுவதில்லை. ஒரே செலவில் கொசு வெளியே நிற்கும், காற்று உள்ளே வரும்.

மூன்றாவது, ஊதுவத்தியும் சாம்பிராணியும் கற்பூரமும். இதனைச் சொல்லுங்கால் பெரியோர் சிலர் முகம் சுளித்தலைக் காண்கின்றோம். யாமும் நாள்தோறும் பூசை செய்வோமே. பூசையை விடச் சொல்லுவோமல்லேம். எடைக்கு எடை நோக்கின், ஒரு கிராம் சிகரெட் 10 மில்லிகிராம் நுண்டுகளை விட, ஒரு கிராம் ஊதுவத்தி 45 மில்லிகிராம் விடுமென்று அளந்திருக்கின்றனர். கோயிற் கருவறைச் சுவரில் படிந்த கரியைக் கண்ட நாம், நம் குழவிகளின் மார்பிலும் அது படியுமென்று எண்ணவேண்டாவா? கட்டுக்கட்டாய் எரியாது ஒரு வத்தி ஏற்றுவோம். சாளரத்தைத் திறந்து வைத்து ஏற்றுவோம். இழுப்பு நோயினர் உள்ள வீட்டில் பூவும் நெய்விளக்கும் மணியோசையும் கொண்டு வழிபடுவோம். புகையைக் குறைத்த அளவுக்கு இறைவன் அருளைக் குறைப்பான் என்று எந்நூலும் கூறக் கண்டிலேம்.

நான்காவது, குளிர்சாதனம். சுவரில் மாட்டும் குளிர்சாதனம் வெளிக்காற்றை உள்ளே கொணர்கின்றதென்று பலர் கருதுகின்றனர். அஃதங்ஙனமன்று. அறையிலுள்ள காற்றையே இழுத்துக் குளிர்வித்து அவ்வறையிலேயே விடுகின்றது. ஆதலின் உறங்குமுன் அரைமணி நேரம் சாளரங்களைத் திறந்து வைத்தலும், இரவில் கதவைச் சிறிது இடைவெளி விட்டு வைத்தலும் நன்று. சல்லடையை மாதந்தோறும் கழுவுதலும் மறக்கலாகாது.

ஐந்தாவது, ஈரம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் இச்சபையோர் மறந்திரார். நீர் வடிந்த பின்னும் சுவரில் ஈரம் மாதக்கணக்காய் நின்றது. அதன்மேல் பூஞ்சணம் படர்ந்தது. பூஞ்சணத்தின் வித்து காற்றிற் பறந்து இழுப்பையும் தும்மலையும் தூண்டும். அதன்மேல் வண்ணம் பூசி மறைத்தல் புண்ணின்மேல் பட்டுடுத்தல் போலாம். நீர் கசியும் இடத்தை முதலில் அடைத்து, சுவரை உலரவிட்டு, பின்னரே பூசுதல் முறை. அலமாரியைச் சுவரோடு ஒட்டாது நாலு விரல் இடைவிட்டு வைத்தலும் உதவும்.

ஆறாவது, உயிரை உடனே போக்கவல்லது ஒன்றுண்டு. குளியலறைக்குள் பொருத்தும் எரிவாயு வெந்நீர்க் கருவி, காற்றோட்டமில்லா இடத்துக் கார்பன் மோனாக்சைடு என்னும் நிறமும் மணமுமற்ற நச்சுவாயுவை விடும். குளிக்கப் புகுந்தோர் வெளிவராத செய்திகளை நாளிதழ்களிற் கண்டிருக்கின்றோம். அக்கருவி அறைக்கு வெளியே இருத்தல் வேண்டும். இன்றேல் அதனை நீக்கிவிடுக. மின்சாரம் நின்ற இரவில் ஜெனரேட்டரை வீட்டினுள்ளும் மாடிப்படியின் கீழும் இயக்குதலும் இத்தகையதே.

சாளரத்தை எப்பொழுது திறப்பது என்று சிலர் வினவுவர். காலையிலும் மாலையிலும் வண்டிகள் நெருங்கும் பொழுதில் ராமகிருஷ்ண மடம் சாலையை நோக்கிய சாளரங்களைச் சாத்தி, பின்புறத்தனவற்றைத் திறக்கலாம். நம் ஊருக்கு அருளப்பட்ட செல்வம் கடற்காற்று. வேனிற்காலத்தில் அது பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் கரையேறும். அப்பொழுது கீழ்ப்புறத்தையும் மேற்புறத்தையும் ஒருங்கே திறந்தால் வீடு முழுவதும் அலம்பப்படும். ஒருபுறம் மட்டும் திறந்தால் பயன் சிறிது. வந்த காற்றுக்குப் போக்குவழி வேண்டும். போகியன்று விடியலில் மட்டும் எல்லாவற்றையும் சாத்துமின். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று புகையும் பனியும் கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் பல இறங்கவும் ஏறவும் இயலாது நின்றன. டயரும் பிளாஸ்டிக்கும் எரித்தல் பழையன கழித்தலாகாது. நஞ்சை ஊருக்குப் பங்கிடுதலேயாம்.

இனிச் செடிகளைப்பற்றி ஒரு சொல். அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் 1989-இல் மூடிய சிறு பெட்டியிற் செய்த சோதனையைக் காட்டி, தொட்டிச்செடிகள் வீட்டுக் காற்றைத் தூய்மையாக்குமென்று விற்போர் பலர். 2019-இல் அவ்வகைச் சோதனைகளையெல்லாம் தொகுத்து நோக்கிய அறிஞர், சாளரம் செய்யும் வேலையைச் செடி செய்யவேண்டுமாயின் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டுமென்று கண்டனர். துளசியை அன்புக்கு வளர்ப்போம். அதனை நம்பிச் சாளரத்தைச் சாத்தற்க. காற்றுச் சுத்திகரிப்புக் கருவியில் 'ஹெப்பா' வடிகட்டி உடையது நுண்டுகளை நன்கு பிடிக்கும். இழுப்பு நோயினர் அறைக்கு அது தகும். ஆயினும் அது கரியமில வாயுவையும் கார்பன் மோனாக்சைடையும் நீக்காது. ஓசோன் விடும் கருவிகளை அறவே விலக்குக.

"நம் பாட்டன்மார் புகையிலே வாழ்ந்து எண்பதாண்டு இருந்திலரோ?" என்று ஒருசாரார் வினவுவர். இருந்தவரை நாம் நினைவில் வைத்திருக்கின்றோம். முப்பது வயதில் இருமி மாய்ந்த பாட்டியரை எண்ணுவாரில்லை. அன்றியும் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு ஓட்டுக்கூரை. ஓட்டின் இடுக்கெல்லாம் புகைக்கு வழி. நடுவே வானம் தெரியும் முற்றம். நாமோ முற்றத்தை மூடிவிட்டு, அவர்தம் புகையை மட்டும் காத்து வருகின்றோம்.

பிறிதொன்று. நம் அடுக்களையில் இன்று நிற்பவர் நம் வீட்டுப் பெண்டிர் மட்டுமல்லர். வேறு தெருவினின்றும் வேறு குலத்தினின்றும் வந்து, நான்கு வீட்டில் சமைத்துப் பாத்திரம் துலக்கும் அம்மையார் பலர். ஒரு வீட்டாள் ஒரு வேளை உண்ணும் புகையை அவர் நான்கு வேளை உண்கின்றார். நம் சங்கம் நம்மவர் நலத்துக்கென நிறுவப்பட்டதே. எனினும் நம் புகையை உண்பவர் நலம் நம் கடமைக்குப் புறம்பாகாது. விசிறி வாங்குங்கால் அவரையும் நினைந்து வாங்குவோமாக.

இறுதியாக, சங்க நிர்வாகிகளின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம். முதலாவது, கட்டத் திட்டமிட்டிருக்கும் மாணவர் விடுதியில் அறைதோறும் எதிரெதிர்ச் சாளரமும் வலையும், சமையற்கூடத்துக்குத் தக்க புகைபோக்கியும் வரைபடத்திலேயே இடம்பெறுக. கட்டி முடித்தபின் சுவரை உடைத்தல் இரட்டிப்புச் செலவு. இரண்டாவது, உதவி நிதியிலிருந்து, இழுப்பு நோயுள்ள குழந்தைகளும் முதியோரும் இருக்கும் எளிய குடும்பங்களுக்குச் சாளர வலையும் கொசுவலையும் வாங்கித் தருக. மூன்றாவது, வீட்டிலேயே முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்றுப் பிழைக்கும் நம் தாய்மார் சிலர் உளர். அவர்தம் அடுக்களைக்குப் புகைபோக்கி விசிறி ஒன்று வாங்க வட்டியில்லாக் கடன் அளிக்குக. அவர்கள் நாள் முழுவதும் காயும் எண்ணெயின் முன் நிற்பவர், கேட்க நாணுவர், ஆதலின் நாமே சென்று வினவுதல் வேண்டும்.

உறுப்பினர் யாவரும் இன்றிரவே செய்யத்தக்கது ஒன்றுண்டு. வீடு சென்றதும், உங்கள் வீட்டில் மிக முதியவரும் மிக இளையவரும் உறங்கும் அறைக்குட் சென்று நின்று, அங்கே காற்று எவ்வழி வருகின்றது, எவ்வழி போகின்றது என்று பார்மின். வழி இல்லையேல் நாளையே ஒரு வழி செய்மின். இதனைப் பத்தாண்டு முன்னர் எமக்கு ஒருவர் சொல்லியிருப்பாராயின் நன்றாயிருந்திருக்கும்.

யாம் பேசத் தொடங்கிய பொழுதிலிருந்து இம்மண்டபத்தின் கீழ்ப்புறச் சாளரங்கள் மூன்றும் சாத்தியே இருக்கின்றன; நாம் எண்பது பேருக்குமேல் அமர்ந்திருக்கின்றோம். அடுத்த சொற்பொழிவு தொடங்குமுன் இளைஞர் இருவர் எழுந்து அவற்றைத் திறந்துவிடுமாறு வேண்டுகின்றோம்.